தெரியலைன்னு சொல்லு, பட்டாணி

மார்ச் 4, செவ்வாய்

மாப்பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். இப்போது வருகிற ஊசிகளுக்குக் காதை இத்தனூண்டு வைக்கிறார்கள். நூல் நுழைவேனா என்கிறது. கடைசியில் மகள்தான் கோர்த்துக் கொடுத்தாள். "முதல்ல நீ கண்ணைக் காட்டும்மா" என்று ஒரு குத்தல் வேறு. என் கண்ணுக்கு என்ன? கழுகுக் கண். எதிர் மாடியில் காய்கிற துணி யாருடையது என்று இங்கிருந்தே சொல்வேன்.

சாயங்காலம் பட்டாணி பால் டம்ளரை எடுக்கப் போய், டம்ளருக்குப் பக்கத்தில் இருந்த காற்றைப் பிடித்தாள். கை பட்டுப் பால் கவிழ்ந்தது. இந்த வாரம் இதே வேலைதான். பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்ததே நான்தான். பிறந்த அன்றைக்கு உருண்டையாக, பச்சைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். இப்போது நாலரை வயது. பேச்சுக்கு நாற்பது.

விளையாட்டுப் பள்ளி டீச்சர் மகளிடம் சொன்னாளாம்: "படம் பார்க்கும்போது தலையைச் சாய்ச்சு சாய்ச்சுப் பார்க்குது. ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் பேத்தி யோசிக்கிற பிள்ளை. யோசிக்கிறவர்களுக்குத் தலை சாயும். நானும் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் வாய்ப்பாடு சொல்வேன். ஐந்தாம் வகுப்பு வரை முதல் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதற்குமேல் படித்திருந்தால் எங்கே போயிருப்பேனோ! சரி, அந்தக் கதை எதற்கு.

மார்ச் 8, சனி

மானம் போயிற்று.

கண் ஆஸ்பத்திரியில் ஓர் இருட்டு அறை. நடுவில் முடிவெட்டுகிற கடையில் இருப்பது போல உயரமான நாற்காலி. பக்கத்தில் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு மிஷின். பட்டாணி வாசலிலேயே நின்றுவிட்டாள். தூக்கி உட்கார வைத்ததும் இரண்டு கண்ணையும் முஷ்டியால் மூடிக்கொண்டு ஒரு கத்து. உதைத்ததில் ஒரு செருப்பு எங்கோ பறந்து போனது.

கண் சோதிக்கிற பெண் சின்ன வயசுக்காரி. பேனா முனையில் ஒரு பஞ்சு முயல் மாட்டியிருந்தாள். கோபமே படவில்லை. "இருக்கட்டும், இன்னிக்கு நாற்காலியோட பழகிட்டுப் போகட்டும்" என்றாள். வீடு, பந்து, ஆப்பிள், பெட்டி என்று நாலு படம் போட்ட அட்டை ஒன்று கொடுத்தாள். வீட்டில் அதை வைத்து விளையாட வேண்டுமாம். பழகின படமாக இருந்தால் குழந்தை பயப்படாதாம்.

வெளியே வந்தபின் மகளிடம் மெதுவாகச் சொன்னாள்: "ரொம்பத் தள்ளிப் போடாதீங்க. ஒரு கண்ணு சரியா வேலை செய்யலைன்னா மூளை அந்தக் கண்ணையே மறந்துடும். சின்ன வயசுலன்னா திருப்பிக் கொண்டுவரலாம். வளர்ந்துட்டா கஷ்டம்."

மகள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். பட்டாணியும் அழுதாள். நான் ஒற்றைச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதில் இன்னொன்று. எங்களுக்கு முன்னால் ஒரு பொடியன். பட்டாணியைவிடச் சின்னவன். சமர்த்தாக ஏறி உட்கார்ந்து எல்லாம் சொல்லிவிட்டு இறங்கி வந்தான். அவனோடு வந்த பாட்டி என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! பட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர். வருஷா வருஷம் அவருக்குக் கண் சோதனை உண்டு. மகளைச் சிரிக்க வைக்க ஒரு கதை சொன்னார். அவருடைய டிப்போவில் ஒரு பெரியவராம். சோதனைக்கு முதல் நாளே போய்ச் சுவரில் இருக்கிற எழுத்து அட்டையை மேலிருந்து கீழ்வரை நெட்டுருப் போட்டு வந்துவிடுவாராம். "கண்ணை மூடிக்கிட்டே பாஸ் பண்ணிடுவார் அத்தை! ஒரு வருஷம் அட்டையை மாத்திட்டாங்க. மனுஷன் பழசையே ஒப்பிச்சு மாட்டிக்கிட்டார்."

எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் முன்னதாகவே சிரிப்பை நிறுத்திவிட்டேன். பட்டாணிக்கு ஒன்றைக் கேட்டால் அப்படியே பிடித்துக்கொள்கிற மூளை. என் மூளை.

மார்ச் 12, புதன்

செருப்பை எடுக்கப் போனேன். அது பொய் இல்லை, செருப்பு அங்கேதானே கிடக்கிறது.

அறையில் அந்தப் பெண் இல்லை. சுவரில் பட அட்டை. நாற்காலி பக்கத்திலிருந்து பார்த்தால் கீழ்வரிகள் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தன. அச்சு சரியில்லை. மூக்கு அட்டையில் முட்டுகிற அளவு கிட்டப் போய் நின்று வரிவரியாக நெட்டுருப் போட்டேன். முதல் வரி வீடு, பந்து. இரண்டாவது ஆப்பிள், வீடு, பெட்டி. இப்படியே கடைசிவரை. யாரோ வருகிற சத்தம் கேட்டதும் குனிந்து செருப்பைத் தேடினேன். அலமாரிக்கு அடியில் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். காய்கறிக்காரன் "யாரோட பேசிட்டு வர்றீங்க?" என்றான்.

மார்ச் 16, ஞாயிறு

பாட்டாக்கி விட்டேன். வீடு பந்து, ஆப்பிள் வீடு பெட்டி, பந்து ஆப்பிள் பந்து வீடு… பட்டாணி குளிக்கும்போது பாடுகிறாள், படி இறங்கும்போது பாடுகிறாள். சரியாகச் சொன்னால் ஒரு முத்தம். தப்பினால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

மகளுக்கு இது சும்மா விளையாட்டுப் பாட்டு. நானும் விளக்கம் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

முதல் வகுப்பில் தேறினாள்!

என் மடியில் உட்கார்ந்தாள். பஞ்சு முயலுக்கு ஹலோ சொன்னாள். ஒரு கண்ணை மூடி ஒட்டுப் போட்டபோது என் விரலைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தப் பெண் குச்சியால் தொடத்தொட, கடகடவென்று சொன்னாள். அடுத்த கண்ணுக்கும் அப்படியே. ஓர் இடத்தில் குச்சி போய்ச் சேருமுன்னே இவள் சொல்லிவிட்டாள். "அட, அவ்வளவு அவசரமா!" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

சொட்டு மருந்துதான் நடக்கவில்லை. பாட்டிலைப் பார்த்ததும் பழையபடி முஷ்டி, உதை, ஊரைக் கூட்டுகிற அழுகை. அந்தப் பெண் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். "பிடிச்சு அமுக்கிப் போட்டா அடுத்த தடவை வாசலுக்கே வராது. படமெல்லாம் ரெண்டு கண்ணுலயும் சொல்லிட்டா. மூணு மாசம் கழிச்சு வாங்க, அப்பப் போட்டுக்கலாம்."

மகள் முகத்தில் இரண்டு வாரம் கழித்து நிம்மதியாக ஒரு சிரிப்பு. அந்தப் பொடியனின் பாட்டி இன்றைக்கு வரவில்லை. வந்திருக்கலாம்.

ஏப்ரல் 2, புதன்

தள்ளிப் போட்டால் எழுதவே மாட்டேன். எழுதி முடித்துவிடுகிறேன்.

மதியம் ஆஸ்பத்திரி விளையாட்டு. பட்டாணிதான் டாக்டர். பொம்மைக்குக் கட்டுப் போட்டாள், எனக்குப் போட்டாள். பிறகு, "எனக்குப் போடு பாட்டி" என்றாள். கைக்குட்டையை மடித்து இடது கண்ணில் கட்டினேன். வீடு முழுக்க ஓடினாள். "இப்ப இந்தக் கண்ணு" என்றாள். வலது கண்ணில் கட்டினேன்.

ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். கையை முன்னால் நீட்டினாள். நான் அவளுக்கு நேர் எதிரே, நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது, பட்டப்பகல்.

"பாட்டி, உன் மூஞ்சி எங்க போச்சு?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். கரண்டியை எடுத்துக் காட்டி, "இது என்னடா கண்ணு?" என்றேன். கொஞ்சம் முழித்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "வீடு! பந்து! ஆப்பிள் வீடு பெட்டி!"

கடைசி வரிவரை பாடிவிட்டு முத்தத்துக்குக் கன்னத்தைக் காட்டினாள்.

கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்ய? கைக்குட்டையை அவிழ்த்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அந்தக் கண்ணு ஒண்ணுமே பார்க்கலை. பாட்டு பாடியிருக்கு. நான் சொல்லிக்கொடுத்த பாட்டு. மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்ல வெச்சது நான்தானே?

ஏப்ரல் 3, வியாழன்

மகள் வேலை முடிந்து வந்தாள். சொல்ல வாயெடுத்தேன். மழை வரும் போலிருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். கையில் இருந்த துவாலையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஏம்மா, இது என்ன பரீட்சையா?"

கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"அவ நல்லாச் சொல்லணும்னுதான்டி…"

"யாருக்கு நல்லா? அவளுக்கா, உனக்கா?"

துவாலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த டிப்போக் கதையைச் சொன்ன என் வாயைத் தைக்கணும் அத்தை" என்றார். "ஊசியில நூல் கோர்க்க எனக்கு வராது மாப்பிள்ளை" என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகளும் கூடவே வந்தாள், இரண்டடி முன்னால் நடந்தபடி. அந்தப் பெண்ணிடம் எல்லாம் சொன்னேன், பாட்டையும் பாடிக் காட்டினேன். முதலில் வாயைப் பிளந்தாள், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"குச்சிக்கு முன்னாடியே சொன்னாளே, அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். நானும்தான் ஏமாந்தேன்" என்றாள். பிறகு நேராகச் சொன்னாள்: "பாட்டிம்மா, இங்க சரியான பதில், தப்பான பதில்னு ஒண்ணும் கிடையாது. 'தெரியல'ன்னு குழந்தை சொன்னாத்தான் எனக்கு வேலை செய்யவே முடியும்."

சனிக்கிழமைக்கு வரச் சொன்னாள். அதற்குள் வீட்டில் செய்ய வேண்டியதையும் சொன்னாள். இனிமேல் பாட்டு கிடையாது. சொட்டு மருந்து விளையாட்டு: படுத்துக்கொண்டு கண்ணை இறுக்கமில்லாமல் மூட வேண்டும், மூக்கு ஓரத்தில் சுத்தமான தண்ணீர் ஒரு சொட்டு, முதலில் பொம்மைக்கு. "வலிக்காது"ன்னு பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் எரியும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூங்கினாளோ, கண்ணை மூடிக்கொண்டாளோ. நான் அசையவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

வீட்டில் யாருக்கும் கண் ஓரம் காய்வதே இல்லை. பொம்மைக்குச் சொட்டு, எனக்குச் சொட்டு, மகளுக்குச் சொட்டு. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றவிடாமல் தரையில் படுக்க வைத்தாள். "மீசை அசையுது அப்பா! அசைஞ்சா மறுபடியும் போடுவேன்!" அவரும் ஆடாமல் கிடந்தார், பெரிய பஸ்ஸை நிறுத்தி வைத்த மாதிரி.

இன்றைக்கு அவளே படுத்துக்கொண்டு, "எனக்கு" என்றாள்.

அது வந்துவிட்டது. இன்னொன்று வரவில்லை. ஜன்னலில் தூரத்தில் எதையாவது காட்டி "தெரியுதா?" என்றால், தெரியாவிட்டாலும் "தெரியுது" என்கிறாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேனோ என்று பார்க்கிறாள். தப்பே இல்லாத பிள்ளையாக அவளைப் பழக்கி வைத்தவள் எவள்?

ஏப்ரல் 12, சனி

போய் வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வேறு அட்டை. ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு படம். சொல்லக்கூட வேண்டாம், மடியில் இருக்கிற அட்டையில் அதே படத்தை விரலால் தொட்டால் போதும். இடது கண்ணை மூடினபோது சரசரவென்று தொட்டாள். பிறகு வலது கண்ணை மூடினார்கள்.

முதல் படத்திலேயே நின்றுவிட்டாள். உதடு ஆடியது, பழைய பாட்டைத் தேடுகிறாள். பாட்டு உதவாது என்று அவளுக்கே தெரிந்தது போலிருக்கிறது. என் பக்கம் திரும்பினாள். என் முகம் எங்கே இருக்கிறது என்று அந்தக் கண்ணால் தேடுகிறாள். கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அழவும் இல்லை, தொடவும் இல்லை. கல் மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம் செல்லம்" என்றாள் அந்தப் பெண். பட்டாணி தலையை மட்டும் ஆட்டினாள், தெரியும் என்று.

மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அந்தப் பெண் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

"தள்ளு பட்டாணி, என் முறை" என்று நான் எழுந்தேன். ஏறி உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். "எனக்கும் ஒட்டுப் போடுங்கம்மா." அவளுக்கு வழிகாட்ட, இரண்டு படம் தெரியாத மாதிரி நடிக்கலாம் என்று திட்டம். வலது கண்ணில் ஒட்டுப் போட்டார்கள். எதிரே பார்த்தேன்.

நடிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. வெள்ளையாக ஒரு புகை. புகைக்குள் எதுவோ கறுப்பாக. வீடா, பந்தா? இத்தனை நாளும் ஊசியையும் அச்சையும் திட்டிக்கொண்டிருந்தேன். வாய்வரை வந்தது, "வீடு"ன்னு குத்துமதிப்பா சொல்லிடலாம்னு. மடியில் பிள்ளை என்னையே பார்க்கிறாள்.

"எனக்குத் தெரியல" என்றேன்.

பட்டாணி என் தாடையைப் பிடித்தாள். "நிஜமாவா பாட்டி?"

"நிஜமாத்தான். ஒண்ணுமே தெரியல."

"பெரிசா இருக்கே, அதுவுமா?"

"அதுவும்தான்டா."

என்ன அதிசயமோ, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அம்மா, பாட்டிக்கே தெரியலையாம்!" அப்புறம் தன் ஒட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்கிற மாதிரி, "எனக்கும் தெரியல" என்றாள்.

அந்தப் பெண் கை தட்டினாள். "சூப்பர்! இதுதான் எனக்கு வேணும். கொஞ்சம் கிட்டக் கொண்டு வர்றேன். இப்ப?"

"இப்பவும் தெரியல!" என்ன ஒரு உற்சாகம்! இன்னும் கிட்ட வந்தபோது, "ஆ, பந்து" என்று தொட்டாள். ஒவ்வொன்றாக எல்லாப் படமும் முடிந்தது.

சொட்டு மருந்து என் மடியில் படுத்தபடி. பொம்மைக்கு முதலில், அப்புறம் இவளுக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தில் ஒரு சொட்டு, "இப்ப கண்ணைத் திற." முகம் சுளித்தாள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து பத்து எண்ணினோம். எட்டில் நிறுத்தி, "போயிடுச்சு" என்றாள்.

பிறகு டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்தார். "உன் கண்ணுக்குள்ள ஒரு பூனைக்குட்டி ஒளிஞ்சிருக்கான்னு பார்க்கிறேன்" என்றார். இவள், "பூனை வராது, கண்ணு சின்னது. வேற சொல்லுங்க" என்றாள். டாக்டருக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

இடது கண்ணில் பவர் அதிகம். கண்ணாடி போட வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டிப் போட்டு மறைக்க வேண்டும், சோம்பேறிக் கண் வேலை செய்யட்டும் என்று. "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். மகள் என் கையைப் பிடித்தாள். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அந்தப் பெண் என்னை மட்டும் நிறுத்தினாள். "நீங்க எங்க போறீங்க பாட்டிம்மா? உங்களைப் பார்த்துட்டுத்தான் அனுப்புவேன்."

எனக்குக் கண்புரையாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒட்டுப் போட்டதும் எரிச்சல். பொம்மையைத் தூக்கி எறிந்தாள், கண்ணாடியைக் கழற்றி மாவு டப்பாவில் ஒளித்து வைத்தாள். "சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லாதே! அது பாவம், தூங்குது" என்று என்னோடு சண்டை. சரி, இனிமேல் தூங்குகிற கண். அதை எழுப்புகிற வேலை எங்களுக்கு. பாசி மணி கோர்க்கிறோம். ஒன்று கோர்க்க அரை மணி நேரம் ஆகிறது, இரண்டு பேருக்கும்.

மே 6, செவ்வாய்

எனக்கு ஆபரேஷன் ஆயிற்று. உள்ளே போகுமுன் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். சொட்டு மருந்து போட நர்ஸ் வந்ததும், பட்டாணி கட்டிலில் ஏறி என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். "பொய் சொல்ல மாட்டேன் பாட்டி. எரியும். நான் எண்ணுறேன்." எண்ணினாள். நடுவில் ஏழு என்பதை விட்டுவிட்டாள். நான் திருத்தவில்லை.

மே 8, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். எதிர் மாடியில் காய்கிற துணி நான் நினைத்த வீட்டினுடையது இல்லை. இத்தனை நாள் என்னென்ன சொல்லிக்கொண்டிருந்தேனோ!

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கு மணி மாலை முடிந்தது. மாப்பிள்ளை கழுத்தில் போட்டாள். அதோடுதான் பஸ் ஓட்டப் போனார்.

ஜூலை 12, சனி

சோதனை நாள். சட்டையை அவளே தேர்ந்தெடுத்தாள். ஒட்டு போட்ட பொம்மையும் வந்தது.

இந்தத் தடவை மடி வேண்டாம் என்றாள். தானே ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால், சுவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வலது கண்ணில் ஒட்டு. அந்தப் பெண் அட்டையைத் தூரத்தில், ஏப்ரலில் ஒன்றுமே தெரியாத அதே தூரத்தில் பிடித்தாள்.

"வீடு" என்றாள் பட்டாணி. அடுத்தது பந்து. இன்னும் சின்னது, ஆப்பிள். அதைவிடச் சின்னது வந்தபோது தலையைச் சாய்க்கவில்லை, நேராகவே பார்த்தாள். பார்த்து, பார்த்து, "பெட்டி" என்றாள்.

அந்தப் பெண் மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த அட்டை. எனக்கே, புதுக் கண்ணுக்கே, எறும்பு மாதிரிதான் இருந்தது.

"இது தெரியல" என்றாள், கணீரென்று.

நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். சிரித்த முகமாக, பரவாயில்லை என்கிற முகமாக. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.